லைட் எரியுது, மைலேஜ் விழுது: பிஎஸ்6 லாரியின் புகை ஃபில்டருக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

புதுவயல் அரிசி ஆலைகளுக்கு ஓடுகிற லாரிகள்தான் எங்கள் பட்டறைக்கு அதிகம் வரும். நெல் ஏற்றி வந்து, எடைமேடையில் வரிசை கட்டி நின்று, இறக்கி, அரிசி மூட்டை ஏற்றி, காரைக்குடி குடோனில் போட்டுவிட்டுத் திரும்புகிற வண்டிகள். ஒரு நடை இருபது கிலோமீட்டரைத் தாண்டினால் அதிசயம். முதலாளிமார் கொண்டுவரும் புகாரும் ஒரே அச்சில் வார்த்ததுதான். "பழைய வண்டி லிட்டருக்கு அஞ்சு குடுத்துச்சு. இது நாலரைக்கே மூச்சு வாங்குது. அந்த ஃபில்டர்தான் டீசலைக் குடிக்குது, கழட்டிருவமா?"

ஃபில்டர் டீசல் குடிப்பது உண்மைதான். ஆனால் அது குடிக்க வேண்டிய அளவு வேறு, நாம் குடிக்க வைக்கிற அளவு வேறு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வண்டிகள் பட்டறைக்கே வரத் தேவையில்லை.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. கனரக லாரிகளில் புகை முதலில் டிஓசி என்கிற வினையூக்கிக்குள் போகும். அடுத்தது டிபிஎஃப், நாம் ஃபில்டர் என்று சொல்வது. அதற்கும் பின்னால்தான் யூரியா தெளிக்கிற எஸ்சிஆர். ஃபில்டர் ஒரு பீங்கான் தேனடை. ஒரு துளை முன்பக்கம் அடைத்திருக்கும், பக்கத்துத் துளை பின்பக்கம் அடைத்திருக்கும். அதனால் புகை சுவரை ஊடுருவித்தான் வெளியேற வேண்டும். கரி சுவரில் தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும். அந்த எரிப்புக்குத்தான் ரீஜென் என்று பெயர்.

எரிப்பு இரண்டு வகை. லோடோடு நெடுஞ்சாலையில் போகும்போது புகையே 300 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். டிஓசியில் உண்டாகும் நைட்ரஜன் டை ஆக்சைடு, கரியைத் தானாகவே மெல்லத் தின்றுவிடும். இதற்குத் தனியாக டீசல் செலவில்லை. இன்னொன்று, கரி சேர்ந்துவிட்டது என்று வண்டியின் கணினி முடிவு செய்து, வேண்டுமென்றே கூடுதல் டீசலைப் புகைக்குள் விட்டு, டிஓசியில் அதை எரித்து, ஃபில்டரை 550 முதல் 650 டிகிரி வரை ஏற்றுவது. செலவு இதில்தான்.

வீட்டில் பணியாரம் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். கனமான பணியாரக் கல் சூடேறுவதற்குத்தான் விறகு போகும். ஏறிவிட்டால் அப்புறம் ஈடு ஈடாக எடுத்துக்கொண்டே இருக்கலாம். கல் காய்ந்து முதல் ஈடு ஊற்றப் போகிற நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு, கல் ஆறிய பிறகு மறுபடி மூட்டினால் எப்படி? அதையே ஒரு நாளில் நாலு தடவை செய்தால் விறகுக் கட்டு காலியாகும், பணியாரம் ஒன்றும் வேகாது. எடைமேடையில் சாவியைத் திருகி வண்டியை அணைக்கிற டிரைவர் செய்வது அச்சு அசல் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது என் மனக்கணக்கு, உங்கள் வண்டிக்கு எண்கள் மாறும். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் தரும் வண்டி 500 கிலோமீட்டர் ஓட 100 லிட்டர். அதற்கிடையில் ஒரே ஒரு ரீஜென் ஒழுங்காக முடிந்து இரண்டரை லிட்டர் தின்றால் மைலேஜ் 4.88. யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அதே 500 கிலோமீட்டரில் நாலு தடவை பாதியில் அறுந்து, தடவைக்கு ஒன்றரை லிட்டர் வீணாகி, ஐந்தாவது தடவைதான் முடிந்தது என்றால் 108.5 லிட்டர். மைலேஜ் 4.61. முதலாளி கேட்கிற "அந்த அரை கிலோமீட்டர் எங்கே போச்சு" என்ற கேள்விக்குப் பெரும்பகுதி பதில் இங்கே இருக்கிறது. குறைவு ஒரு கிலோமீட்டருக்கும் மேலே போனால் ஃபில்டரை மட்டும் பிடித்துத் தொங்காதீர்கள். டயர் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா, டீசல் கணக்கு சரியா என்று மற்றதையும் பாருங்கள்.

எந்த லைட் என்று முதலில் பாருங்கள்

டிரைவர்கள் போனில் "ஃபில்டர் லைட்" என்று சொல்வதில் பல நேரம் அது யூரியா லைட்டாக இருக்கும். ஃபில்டர் லைட் என்பது புகைக்குழாய் நடுவே ஒரு பெட்டி, அதற்குள் புள்ளிகள். புகைக்குழாயோடு வெப்பமானி போட்டது, ரீஜென் நடக்கிறது, குழாய் கொதிக்கிறது என்ற எச்சரிக்கை. அது பழுது அல்ல. யூரியா தீர்ந்தாலும் தரமில்லாமல் போனாலும் வண்டி இழுவையைக் குறைக்கும், ஆனால் அதற்கும் கரிக்கும் சம்பந்தமில்லை. யூரியாக் கரைசலில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான நீர். வயலுக்குப் போடுகிற யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றி "காசு மிச்சம்" என்று சிரித்தவர் ஒருவர் உண்டு. பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

லைட் நிலையாக எரிகிறது, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது

இது பழுது அல்ல, வேண்டுகோள். கரி சேர்ந்துவிட்டது, எரிக்க வழி விடு என்கிறது வண்டி. பட்டறைக்கு வர வேண்டாம். லோடோடு, நிற்காமல், கொஞ்சம் உயர்ந்த ஆர்பிஎம்மில் அரைமணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு நான் சொல்லும் பாதை, காரைக்குடியில் கிளம்பி கானாடுகாத்தான் வழியாகத் திருமயம். கோட்டை கண்ணில் படும்வரை டீக்கு இறங்கக் கூடாது. டாப் கியரில் எஞ்சினைத் திணற விடாமல், ஒரு கியர் குறைத்து ஓட்டினால் புகை நன்றாகச் சூடேறும்.

ஓடும்போதே ரீஜென் நடப்பதைக் கண்டுபிடிப்பது எளிது. நிற்கும்போது ஐடில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், கூலிங் ஃபேன் காரணமில்லாமல் இரையும், வண்டிக்குக் கீழே இரும்பு காய்ந்த வாடை வரும். அந்த நேரத்தில் மீட்டரில் உடனடி மைலேஜ் அதலபாதாளத்தில் விழும். அதைப் பார்த்துப் பயந்து வண்டியை ஓரங்கட்டி அணைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அணைக்காதீர்கள். 20 முதல் 40 நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வண்டியை உடனே நகர்த்துவதும் ரீஜென்னை நிறுத்துவதும் அவசியம். தை, மாசியில் நம் பக்கத்து ரோடுகளில் கதிரையும் கொள்ளையும் பரப்பிக் காயப்போடுவார்கள், வண்டிச் சக்கரமே போரடித்துக் கொடுக்கட்டும் என்று. ரீஜென் நடக்கிற லாரி அந்த வைக்கோல்மேல் நின்றாலோ, வைக்கோல் அடியில் சுற்றிக்கொண்டாலோ தீப்பிடிக்கும். காய்ந்த புல் மேலேயும் கருவேலம் புதரை ஒட்டியும் நிறுத்தக் கூடாது. வைக்கோல் லோடு ஏற்றுகிற வண்டிக்கு இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

மைலேஜ் குறைந்துவிட்டது, ரீஜென் அடிக்கடி வருகிறது

முதலில், உண்மையிலேயே குறைந்ததா? மீட்டரில் காட்டுவதை நம்பாதீர்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், டேங்க் ஃபுல்லுக்கு ஃபுல். மூன்று நடைக்குக் குறையாமல் எழுதிப் பாருங்கள். கூடவே, எஞ்சின் ஓடிக்கொண்டு வண்டி நின்ற நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். எஞ்சின் அளவைப் பொறுத்து ஐடிலில் மணிக்கு ஒன்றரை முதல் மூன்று லிட்டர் வரை போகும். ஆலை வாசலில் ஏசி போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் படுத்திருந்தால் அந்த டீசலை ஃபில்டர் குடிக்கவில்லை, தூக்கம் குடித்தது. அதோடு ஐடிலில் புகை 150 டிகிரிக்குக் கீழேதான் கிடக்கும். கரி தானாக எரியாது, சேரும். சேர்ந்ததை எரிக்க மறுபடி டீசல். நிற்கிற வண்டிக்கு இரட்டைத் தண்டம்.

தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குக் காவடிகளும் பாதயாத்திரைக் கூட்டமும் போகிற நாட்களில், அந்த ரோட்டில் ஓடுகிற வண்டிகளுக்கு ரீஜென் அடிக்கடி வரும். ஆமை வேகம், நின்று நின்று ஓட்டம். இது பழுது இல்லை. பத்து நாள் பொறுத்தால் பழையபடி ஆகிவிடும். வண்டிக் கணினியைப் படிக்கிற ஸ்கேனரில் ரீஜென் இடைவெளியைப் பார்க்கும்போது வண்டி போன மாதம் எங்கே ஓடியது என்று கேட்காமல் முடிவு சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள்.

ஓட்டத்தில் மாற்றமில்லை, ரீஜென் மட்டும் நெருங்கி வருகிறது என்றால், எஞ்சின் வழக்கத்தைவிட அதிகக் கரி தள்ளுகிறது. ஃபில்டர் அடைபடுவது அதன் விளைவு. பார்க்க வேண்டியவை, நான் பார்க்கிற வரிசையில்:

ஏர் ஃபில்டர். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசி சாதாரணத் தூசி அல்ல, மாவு மாதிரி இறங்கும். குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் போகிற வண்டியில் கைப்புத்தகம் சொல்கிற இடைவெளிக்குப் பாதியிலேயே மாற்ற வேண்டியிருக்கும். ஏர் கன்னால் ஊதி ஊதியே மூன்று வருடம் ஓட்டுவது சிக்கனமில்லை. ஊதும்போது காகிதம் கிழிந்தால் தூசி நேரே, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவுக்குப் போகும்.

டர்போவுக்கும், அந்தக் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலருக்கும் நடுவே உள்ள ரப்பர் ஹோஸ். அடிப்பக்கம் கையை விட்டுத் தடவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கோடு தெரிந்தால் அங்கே காற்று கசிகிறது. காற்று குறைந்தால் டீசல் முழுசாக எரியாது, கரி கூடும். முந்தைய விதியான பிஎஸ்4 வண்டியில் இதே பழுது வந்தால் சைலன்சரில் கறுப்புப் புகை வந்து காட்டிக்கொடுக்கும். பிஎஸ்6-ல் ஃபில்டர் அந்தப் புகையை விழுங்கிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, மைலேஜும் ரீஜென் கணக்கும்தான் சொல்லும். பழைய கை மெக்கானிக்குகள் சறுக்குகிற இடம் இது.

பிறகு இன்ஜெக்டர், புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பி விடுகிற இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியது, ஆயில் கசியும் டர்போ. இவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும், பட்டறைக்கு வாருங்கள்.

கடைசியாக டீசல். பிஎஸ்6 டீசலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பிஎஸ்4-ல் அது 50. வழியில் கேனில் விற்கிறதை நாலு ரூபாய் குறைவு என்று ஊற்றினால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியாது. கந்தகம் டிஓசியின் வினையூக்கியைச் செயலிழக்கச் செய்யும். அது சோர்ந்துபோனால் ரீஜென்னுக்கு விட்ட டீசல் சூடாக மாறாமல் வெள்ளைப் புகையாகவே வெளியே போகும்.

ரீஜென் தொடங்குகிறது, முடிவதில்லை

முதல் சந்தேகம் டிரைவர்மீதுதான். சாவி, கிளட்ச், வழியில் டீ. அது இல்லை என்று உறுதியானால் ஸ்கேனரில் இரண்டு வெப்பநிலைகளை மட்டும் பாருங்கள்: டிஓசிக்குள் நுழையும் புகை, டிஓசியிலிருந்து வெளிவரும் புகை.

நுழைவே 250-ஐத் தாண்டவில்லை என்றால் எஞ்சின் சூடேறவில்லை. நுழைவு சரியாக இருந்து, வெளிவருவது 550-ஐ எட்டவில்லை என்றால் டீசல் வந்து சேரவில்லை, அல்லது டிஓசி அதை எரிக்கவில்லை. புகைக்குழாயில் டீசல் தெளிக்கத் தனி டோசர் வைத்த வண்டிகளில் அந்த டோசரின் மூக்கு கரி பிடித்து அடைவது அடிக்கடி நடக்கிறது. கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு வெப்பநிலையும் சரி, அரைமணி நேரம் எரிந்த பிறகும் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் இறங்கவில்லை என்றால் எரியாத ஏதோ உள்ளே இருக்கிறது, அல்லது சென்சார் பொய் சொல்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

எஞ்சின் சூடேறாத முதல் வகையில் ஒன்றை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் கைரேகை இருக்கிறது. எங்கள் ஊர் வெயில் தெரியும். பழைய காலத்தில் சூடேறுகிற வண்டி வந்தால், எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வண்டியை அனுப்புவது பட்டறைகளில் சர்வ சாதாரணம். "இந்த ஊருக்கு இது எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே நானும் எத்தனையோ வண்டிகளில் கழற்றியிருக்கிறேன். பழைய எஞ்சின் அதைப் பொறுத்துக்கொண்டது. ஒரு பிஎஸ்6 லாரி ஆறு மாதத்தில் இரண்டு தடவை ஃபில்டர் கழுவப் போய் வந்து, மூன்றாவது தடவையும் லைட்டோடு வந்து நின்றது. டிரைவர் சின்னப் பையன்.

"அண்ணே, சூடு முள்ளு கால்வாசிக்கு மேல ஏறவே மாட்டேங்குது. வண்டி கூலா ஓடுது, நல்லதுதானண்ணே?"

"எத்தனை நாளா தம்பி?"

"போன கோடைல நீங்க தண்ணி வேலை பாத்துக் குடுத்ததுல இருந்து."

திறந்து பார்த்தால் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. என் பட்டறையில், என் ஆள் கழற்றியது. எஞ்சின் 80, 90 டிகிரியில் நிற்க வேண்டியது, 60-ஐச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. குளிர்ந்த எஞ்சின் அதிக டீசல் தின்னும், அதிகக் கரி தள்ளும். கணினியோ சூடு போதவில்லை என்று ரீஜென்னையே தள்ளிப்போடும், தொடங்கினாலும் விட்டுவிடும். நாங்கள் ஃபில்டரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தோம். புது தெர்மோஸ்டாட் போட்டு, வண்டியை நிறுத்தி வைத்தே ஒரு தடவை கரியை எரித்து அனுப்பினோம். ஃபில்டர் கழுவிய இரண்டு கூலியையும் முதலாளிக்குத் திருப்பிக் கொடுத்தேன். உங்கள் வண்டியில் சூட்டு முள் பாதிக்கு வரவில்லை என்றால் வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள். சிக்கித் திறந்தே நிற்கும் தெர்மோஸ்டாட்டும் காலி இடத்துக்குச் சமம்தான்.

வண்டியை நிறுத்தி வைத்துக் கரியை எரிக்கச் சுவிட்ச் போட்டால் கேட்கவில்லை

இதில் வண்டியின் தப்பைவிட நம் தப்பு அதிகம். ஹேண்ட் பிரேக் இழுத்திருக்க வேண்டும், கியர் நியூட்ரலில், மூன்று பெடலிலும் கால் இருக்கக் கூடாது, எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், டிப்பராக இருந்தால் தொட்டியைத் தூக்க எஞ்சினிலிருந்து சக்தி எடுக்கிற பிடிஓ அணைந்திருக்க வேண்டும், ரீஜென் தடைச் சுவிட்ச் போட்டபடி இருக்கக் கூடாது. டேங்கில் டீசல் அடிமட்டத்தில் இருந்தாலும் சில வண்டிகள் மறுக்கும். பழுதுக் குறியீடு ஏதாவது நிற்கிறதா என்பதையும் பாருங்கள். தடைச் சுவிட்ச் பற்றி ஒன்று: பெட்ரோல் பங்குக்குள், வைக்கோல் படப்புப் பக்கம் நுழையும்போது போடுவதற்குத்தான் அது இருக்கிறது. "டீசல் மிச்சம்" என்று நிரந்தரமாகப் போட்டு வைப்பவர்களிடம் அடுத்த அறிகுறி வந்து சேரும்.

எரியத் தொடங்கியதும் எஞ்சின் தானாக ஆர்பிஎம் ஏற்றிக்கொள்ளும். யாராவது உள்ளே ஏறி கிளட்சைத் தொட்டால் போச்சு, முதலிலிருந்து. கிளீனர்ப் பையனைக் கீழே நிற்க வையுங்கள். புகைக்குழாய் வாய்க்கு எதிரே மனிதரோ தார்ப்பாயோ வேண்டாம்.

லைட் மினுக்குகிறது, இழுவை போய்விட்டது

இது வேண்டுகோள் காலம் தாண்டி மிரட்டல் காலம். மினுக்குகிறது, ஆனால் எஞ்சின் லைட் இன்னும் வரவில்லை என்றால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எரித்துவிடுங்கள். எஞ்சின் லைட்டும் சேர்ந்து வந்து, மேட்டில் ஏற மறுக்கிறது என்றால் கரி அளவுக்கு மீறிவிட்டது. பல வண்டிகளில் இந்தக் கட்டத்தில் சுவிட்சுக்கு வேலையில்லை, பட்டறை ஸ்கேனரால் மட்டும்தான் தூண்ட முடியும். அதற்கும் மேலே போனால் ஸ்கேனரும் மறுக்கும். மறுப்பது நம் நன்மைக்கே. உள்ளே நிறைந்து கிடக்கிற கரி ஒட்டுமொத்தமாகப் பற்றினால் சூடு கட்டுமீறி ஏறி பீங்கான் வெடிக்கும், உருகும். சிவப்பு நிறுத்து விளக்கு வந்த வண்டியை "இன்னும் பத்து கிலோமீட்டர்தான்" என்று ஓட்டி வருவது பெரிய செலவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. நிறுத்திவிட்டுப் போன் போடுங்கள்.

ஆயில் குச்சியில் மட்டம் கூடுகிறது

ஆயில் குறையாத வண்டி நல்ல வண்டி என்று சந்தோஷப்படாதீர்கள். தனி டோசர் இல்லாமல், சிலிண்டருக்குள்ளேயே தாமதமாக டீசல் தெளித்து ரீஜென் செய்கிற எஞ்சின்களில், அந்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். ரீஜென் பாதிப் பாதியாக அறுந்துகொண்டே இருந்தால் இறங்குவது கூடும். குச்சியை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை வரும். விரலில் தேய்த்தால் தண்ணியாக ஓடும். ஆயில் நீர்த்தால் பேரிங் தேயும். மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் வடித்துவிட்டு ஓட்டுவது தீர்வு இல்லை. ஆயிலை முழுசாக மாற்றுங்கள், அடுத்து ரீஜென் ஏன் அறுகிறது என்று பாருங்கள்.

ஆயிலைப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். கரி எரியும், சாம்பல் எரியாது. ஃபில்டரில் சேரும் சாம்பல் டீசலிலிருந்து வருவதைவிட எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கிற கால்சியம், துத்தநாகம், மெக்னீசியம் சேர்மானங்களிலிருந்துதான் அதிகம் வருகிறது. அதனால்தான் சிகே-4 போன்ற குறைந்த சாம்பல் ஆயில் கேட்கிறார்கள். அதில் சாம்பல் வரம்பு ஒரு சதவீதம். பழைய வண்டிக்கு வாங்கி வைத்த பேரலில் மிச்சமிருக்கிறதே என்று இதில் ஊற்றினால், இன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஃபில்டரின் ஆயுளில் கழியும்.

புகை

ரீஜென் தொடக்கத்தில் லேசாக வெள்ளை மூட்டமும் நெடியும் வந்து மறைந்தால் விட்டுவிடுங்கள். நீடித்தால் டிஓசி எரிக்கவில்லை, அல்லது டோசர் ஒழுகுகிறது.

கறுப்பு வேறு கதை. சைலன்சர் வாய்க்குள், ஆறியபிறகு, வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். நல்ல ஃபில்டர் உள்ள வண்டியில் துணி கிட்டத்தட்ட வெள்ளையாகவே வரும். மைக்கறுப்பாக வந்தால் பீங்கான் விரிசல் விட்டுவிட்டது, அல்லது முன்னால் வைத்திருந்தவர் உள்ளே குடைந்து காலி செய்துவிட்டார். பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஐந்து நிமிடம் செலவழித்து இதைச் செய்யுங்கள். குடைந்த வண்டி மலிவு என்று நினைக்காதீர்கள். கணினிக்குப் பொய் சொல்லிக் கொடுத்தால்தான் அது ஓடும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கழற்றித் தரச் சொல்லி எங்களிடம் வருகிறவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. சட்டம் ஒரு காரணம். அந்த வண்டிகள் எடைமேடை வரிசையில் நிற்கும்போது மூட்டை தூக்குகிறவர்கள் அதன் பின்னால்தான் நிற்கிறார்கள் என்பது இன்னொன்று.

கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியும் லைட் திரும்ப வருகிறது

எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். முறையான வேலை என்றால் ஃபில்டரைக் கழற்றி, எடை போட்டு, பின்பக்கமிருந்து காற்றை விட்டு விட்டு ஊதி, சூளையில் வைத்து மெல்லச் சூடேற்றிக் கரியை எரித்து, மறுபடி ஊதி, மறுபடி எடை போடுவார்கள். இரண்டு எடைச் சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். வித்தியாசம்தான் நீங்கள் கொடுத்த காசுக்குக் கிடைத்த பொருள். வாட்டர் சர்வீஸ் கன்னை முகத்தில் அடித்தால் பீங்கானைப் பிடித்திருக்கும் பாய் ஊறிக் கெடும், கரி சேறாகிப் பின்னால் போய் இறுகும். ஆசிட் ஊற்றுகிறவர்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமையில்லை. சாம்பல் சுத்தம் என்பது நெடுஞ்சாலை வண்டிக்கு லட்சக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரு தடவை வருகிற வேலை, உங்கள் வண்டிக்கான எண் கைப்புத்தகத்தில் இருக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை கேட்கிறது என்றால் அது சாம்பல் இல்லை, மேலே சொன்ன கரிக் கதை.

சுத்தம் சரிதான் என்றால் கணினியில் சாம்பல் கணக்கைத் திருத்தினார்களா? புது ஃபில்டர் மாட்டியும் பழைய கணக்கை வைத்துக்கொண்டே வண்டி அடிக்கடி ரீஜென் கேட்கும், டீசல் சும்மா போகும். மாட்டும்போது பழைய கேஸ்கட்டையே போட்டார்களா? இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு தெரிந்தால் புகை கசிகிறது, சூடும் கசிகிறது.

பிறகு அழுத்த சென்சார். ஃபில்டருக்கு முன்னிருந்து ஒன்றும் பின்னிருந்து ஒன்றுமாக இரண்டு மெல்லிய குழாய்கள் அதற்குப் போகும். சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், ஸ்கேனரில் அழுத்த வித்தியாசத்தைப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். எஞ்சினே ஓடாதபோது எங்கிருந்து அழுத்தம் வரும்? எண் ஏதாவது காட்டினால் சென்சாரின் அளவு பிசகிவிட்டது, அல்லது குழாயில் தண்ணீரும் கரியும் அடைத்திருக்கிறது. பூஜ்யம் சரியாக இருந்தால் எஞ்சினை ஓட்டி, ஆர்பிஎம் ஏற்றுங்கள். எண்ணும் கூடவே ஏற வேண்டும். ஏறாமல் கிடந்தால் குழாய் அடைத்திருக்கலாம், கழன்றிருக்கலாம், அல்லது மாற்றி மாட்டியிருக்கலாம். தலைகீழாகக் கழித்தல் குறியோடு காட்டினால் இரண்டு குழாய்களையும் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். போன ஐப்பசியில் வந்த ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றுகிற வண்டி இப்படித்தான். புது ஃபில்டருக்கு விலை கேட்டு வைத்துவிட்டு வந்திருந்தார்கள். குழாய்களை இடம் மாற்றி இரண்டு கிளாம்பு இறுக்கிக் கொடுத்தேன், டிரைவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.